மூணாம் படி

தம்பி, ஒண்ணு கேட்டா கோவிச்சுக்க மாட்டீங்களே? இப்ப போன்ல பேசினீங்கல்ல, அப்ப வலது கையை எதுக்கு அந்த ஆட்டு ஆட்டுனீங்க? அந்தப் பக்கம் இருக்கிற ஆளுக்கா தெரியப்போகுது? ரெண்டு தடவை என் மூக்கை இடிக்கப் பாத்துச்சு. அட, இருக்கட்டும், இருக்கட்டும். சாரியெல்லாம் எதுக்கு? நான் தப்புன்னு சொல்லல, நல்லதுன்னுதான் சொல்றேன். கை ஆடுதுன்னா பேச்சு வயித்துலேருந்து வருதுன்னு அர்த்தம். வாய் மட்டும் ஆடுனா அது வெறும் காத்து. முப்பது வருஷம் மேடையில நின்னவன் சொல்றேன், கேட்டுக்கங்க.

அருப்புக்கோட்டை வரைக்கும் போறீங்களாக்கும். நான் அதுக்கு முன்னாடியே, ஆலடிப்பட்டி விலக்குல இறங்கிருவேன். இன்னும் முக்கா மணி நேரம் இருக்கு. கமுதி பஸ்ல இந்த நேரத்துக்கு உக்கார இடம் கிடைச்சதே பெருசு.

என் பேரு பூவலிங்கம். கைவீச்சு பூவலிங்கம்னா இந்தப் பக்கம் கொஞ்சம் வயசான ஆளுகளுக்குத் தெரியும். நோட்டீஸ்ல அப்பிடித்தான் போடுவாக. எந்தக் கட்சின்னு எதுக்கு, விடுங்க. எல்லாம் ஒண்ணுதான். தலைவர் ஏழு மணிக்குப் பேசுவாருன்னு நோட்டீஸ்ல இருக்கும். அவரு கார் வந்து நிக்க பத்து மணி ஆகும். அதுவரைக்கும் கூட்டம் கலையாமக் கட்டி வைக்கணும்ல? அந்த வேலைக்கு என்னைத்தான் கூப்பிடுவாக. தலைவர் வந்ததும் என் பேச்சைப் பாதியில நிறுத்திட்டு இறங்கிரணும். முப்பது வருஷத்துல நான் ஒரு பேச்சைக்கூட முழுசா முடிச்சதில்ல தம்பி, நம்புவீங்களா?

முன்னாடி பொம்பளைங்க சீட்டுல, ஜன்னல் ஓரமா, மடியில பையை வச்சுக்கிட்டு ஊதாச் சேலை கட்டி உக்காந்திருக்கா பாருங்க, அவதான் எம் பொண்டாட்டி. சந்தனமாரி. கமுதியில அவ அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தா. கூட்டிட்டுப் போறேன். புள்ளகுட்டி கிடையாது எங்களுக்கு, அவளும் நானும்தான். அவ எதுக்குப் போனாங்கிற கதையையும் சொல்றேன். முதல்ல கைக்கு வருவோம்.

உள்ளங்கை மேல பாத்து இருந்தா, உங்ககிட்ட கேக்குறேன்னு அர்த்தம். கவுந்து இருந்தா, உக்காருங்கடான்னு அர்த்தம். ஒத்தை விரலை நீட்டுனா சண்டைக்குக் கூப்பிடுறோம். அஞ்சு விரலையும் சேத்து நெஞ்சுல வச்சா சத்தியம். இதை எந்தக் காலேஜுலயும் சொல்லித்தர மாட்டாக. சில பேரு மேடையில கையைப் பின்னாடி கட்டிக்குவான். போலீஸ் ஸ்டேஷன்லயா நிக்கிறே? சில பேரு மைக்கை ரெண்டு கையாலயும் புடிச்சுத் தொங்குவான். மைக் என்ன பஸ் கம்பியா? எனக்கு எப்பவும் ஸ்டாண்டு மைக்தான். கையில குடுக்குற மைக்கைக் குடுத்தா ஒரு கை போச்சுல்ல? மைக் செட்டுக்காரன்கிட்ட முதல்லயே சண்டை போட்டு ஸ்டாண்டு வாங்கிருவேன்.

ஒரு தடவை அபிராமத்துல பேசிக்கிட்டிருக்கும்போது கரண்ட் போயிருச்சு. மைக் செத்துப்போச்சு. ஜெனரேட்டரை எடுக்கப் போனவன் வரவேயில்ல. நிலா வெளிச்சந்தான். நான் நிறுத்தல. வாயை மட்டும் அசைச்சுக்கிட்டு, கையை வச்சே பேசினேன். விலைவாசியா, ஒரு கை மேல போகுது. கூலியா, இன்னொரு கை கீழ போகுது. மந்திரியா, வயித்தைத் தடவிக்கிட்டு ஏப்பம். கூட்டம் கிடந்து சிரிக்குது. ஒரு பய எந்திரிக்கல. தலைவர் வந்து, யாருய்யா இவருன்னு கேட்டாரு. அந்த ஒரு கேள்விதான் தம்பி எனக்குக் கிடைச்ச பட்டம், பதவி எல்லாம்.

இப்ப யாரு கூப்பிடுறா? லாரி மாதிரி பெரிய டிவியைக் கொண்டுவந்து வச்சுப் படம் போடுறாக. கூட்டம் கட்டுறதுக்கு ஆடல் பாடல் வச்சுக்கிறாக. நாலு வருஷமா ஒருத்தனும் என்னைத் தேடி வரல. கையி சும்மாவே கிடந்தா ஆளுக்கு என்ன மரியாதை? டீக்கடையில உக்காந்து பேசினாக்கூட, அண்ணே கையை மடக்கு, கிளாஸ் விழுந்துரும்கிறான். மனசு விட்டுப்போச்சு.

அப்பத்தான் பஞ்சாயத்து எலெக்சன் வந்துச்சு. தலைவர் பதவிக்கு நிக்கணும்னு எனக்கு ரொம்ப நாள் ஆசை. நம்ம நேரத்தைப் பாருங்க, எங்க ஊரைப் பொம்பளைங்களுக்குன்னு ஒதுக்கிட்டான். சரி, அதனால என்ன குடி முழுகிப்போச்சு? பேரு அவ பேரு, வேலை நம்ம வேலை. எல்லா ஊர்லயும் அப்பிடித்தானே நடக்குது? கையெழுத்துப் போடத்தான் பொண்டாட்டி, நாற்காலியில உக்காரப் புருஷன்.

அவளைக் கேட்டேனான்னா, கேக்காம என்ன? சோறு போட்டுக்கிட்டிருந்தா. நாளைக்கு யூனியன் ஆபீஸ் வரைக்கும் வரணும், உன் பேருல மனு போடுறேன்னேன். எனக்கு வேணாமேன்னா. பொம்பளைங்க முதல்ல அப்பிடித்தான் சொல்லும். வேற யாரையாச்சும் நிறுத்துங்களேன்னா. குழம்பு ஊத்துன்னேன். ஊத்துனா. அம்புட்டுத்தான், முடிஞ்சுபோச்சு.

சின்னம் என்ன கிடைச்சுச்சு தெரியுமா? ஏணி. எனக்கு ஒரே குஷி. ஏன்னா ஏணியைக் கையில காட்டலாம். எதுத்து நின்ன பஞ்சவர்ணத்துக்குப் பூட்டு சாவி. அதை எப்பிடிக் காட்டுவ? விரலைத் திருகித் திருகிக் காட்டுனா வேற என்னமோ மாதிரி இருக்கும். ஏணின்னா பாருங்க, இப்பிடி. கொஞ்சம் நகந்துக்கங்க. முதல் படி, கை இடுப்புகிட்ட, குடிதண்ணி! ரெண்டாம் படி, கை நெஞ்சுகிட்ட, சாக்கடை! மூணாம் படி, இங்கதான் விஷயமே இருக்கு, கையை ஒரே வீச்சுல தலைக்கு மேல விசிறித் தூக்கி, அதோ, உங்கள் வீட்டுப் பிள்ளை சந்தனமாரி! அவ்வளவு பேரு கண்ணும் அந்தக் கை போற திசையில போகும். கை முடியுற இடத்துல அவ நிக்கணும். அவ உடனே ரெண்டு கையையும் விரிச்சு, லேசாச் சிரிச்சு, கும்பிடணும். இதுதான் திட்டம்.

வீட்டுல வச்சுப் பழக்கினேன். என் வலது பக்கம் நிப்பாட்டுறது, அவ இடது காது என் பக்கம் இருக்கிற மாதிரி. அதுல ஒரு தொல்லை. அந்தக் காது அவளுக்கு மந்தம். சுத்தமாக் கேக்காது. கல்யாணமான புதுசுல நல்லாத்தான் கேட்டுக்கிட்டிருந்துச்சு, அப்புறம் எப்பிடியோ போயிருச்சு. அதனால நான் முதல் படி, ரெண்டாம் படின்னு சொல்றது அவளுக்கு எட்டாது. என் கையைப் பாத்துத்தான் அவ புரிஞ்சுக்கணும். நான் கையைத் தூக்குனா கழுத்தை உள்ள இழுத்துக்குவா. கூச்சம். நிமிந்து நில்லுடின்னு எத்தனை தடவை சொல்லியிருப்பேன்.

ஒரு நாள் பழகும்போது கேட்டா. ஜெயிச்சா இப்பிடி உங்க பக்கத்துலயே நிக்கணுமான்னா. ஆமாண்டி, கூட்டம், கொடியேத்து, கிராம சபைன்னு அஞ்சு வருஷத்துக்கு நான் பேசப் பேச நீ பக்கத்துல நிக்கணும்னேன். அஞ்சு வருஷமான்னு கேட்டா. கண்ணு கலங்கிருச்சு அவளுக்கு. சந்தோஷம் தாங்கல போலன்னு நினைச்சேன். நானும் மனுஷந்தானே தம்பி, திரும்பிக்கிட்டுக் கண்ணைத் தொடைச்சுக்கிட்டேன். இருபத்தாறு வருஷமா அடுப்படியில கிடந்தவளை மேடையேத்தப் போறோமேன்னு.

கடைசிக் கூட்டம் காளியம்மன் கோயில் பொட்டல்ல. ஸ்டாண்டு மைக். ஊர்ப் பொம்பளை எல்லாம் முன்னாடி உக்காந்திருக்கு. எங்க ஊர்ல அப்பிடித்தான், பொம்பளைங்க முன்னாடி தரையில, ஆம்பளைங்க பின்னாடி நின்னுக்கிட்டு. நான் ஆரம்பிச்சேன். அன்பார்ந்த வாக்காளப் பெருமக்களே! என் உயிரினும் இனிய தாய்மார்களே! நாலு வருஷமா அடைச்சுக் கிடந்த தொண்டை திறந்துக்கிச்சு. கையி என் சொல்லு கேக்குது, கூட்டம் என் கையைக் கேக்குது. எனக்கே புல்லரிச்சுப்போச்சு. அன்னைக்கு மட்டும் பாதியில நிறுத்தச் சொல்ல எந்தத் தலைவனும் வரப்போறதில்ல. என் பேச்சு, நானே முடிக்கலாம்.

முதல் படி. குடிதண்ணி. கைதட்டு. ரெண்டாம் படி. சாக்கடை. அதுக்கும் கைதட்டு, பின்னாடி ஒருத்தன் விசில் அடிச்சான். மூணாம் படி. ஒரு மூச்சு நிறுத்தினேன். நிறுத்தணும், அப்பத்தான் எடுபடும். அப்புறம் உடம்போட சேத்துத் திரும்பி, கையை ஒரே வீச்சுல தலைக்கு மேல தூக்குனேன் பாருங்க...

குத்துக்கால் வச்சு உக்காந்துட்டா தம்பி.

மேடையில. ரெண்டு கையையும் தலைக்கு மேல குறுக்கப் போட்டு மூடிக்கிட்டு, முகத்தை முழங்காலுக்குள்ள வச்சுக்கிட்டு. எதுக்கோ காத்துக்கிட்டிருக்கிற மாதிரி கண்ணை இறுக்கி மூடிக்கிட்டு. போகஸ் லைட்டு நேரா அவ மேல. என் கையி மேல நிக்குது. இறக்கவா, அப்பிடியே வைக்கவான்னு எனக்குத் தெரியல. முப்பது வருஷத்துல முதல் தடவையா என் கையை எங்க வைக்கிறதுன்னு எனக்குத் தெரியல.

மைக் செட்டுல இருந்து வர்ற இரைச்சல் மட்டும் கேக்குது. நான் சமாளிச்சேன். பாருங்கள் தாய்மார்களே, உங்கள் முன்னால் நிற்கவே வெட்கப்படுகிறாள் எங்கள் வீட்டு லட்சுமின்னேன். அபிராமத்துல இருட்டுக்குள்ள சிரிக்க வச்சவன் நான். ஒரு பல்லு தெரியல. அத்தனை பொம்பளையும் அவளைப் பாத்துச்சு. அப்புறம் என் கையைப் பாத்துச்சு. அப்புறம் ஒருத்தி, மடியில தூங்கிக்கிட்டிருந்த புள்ளையைத் தோள்ல போட்டுக்கிட்டு எந்திரிச்சுப் போயிட்டா. பின்னாலயே இன்னொருத்தி. இட்லிக்கடை குருவம்மான்னு ஒருத்தி இருக்கா எங்க தெருவுல, பெரிய வாயி, அவ மட்டும் விறுவிறுன்னு மேடைக்கு ஏறி வந்து, சந்தனமாரி கையைப் புடிச்சு எழுப்பி, கூட்டிட்டே போயிட்டா. என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல. வேட்பாளரை மேடையிலேருந்து இறக்கிக் கூட்டிட்டுப் போக இவ யாரு?

மேடை பயம் தம்பி. வேற ஒண்ணுமில்ல. பெரிய பெரிய ஆளுகளுக்கே வரும். ஆனா அதை ஊரு வேற மாதிரிப் பேசிருச்சு. அடிக்கிறவன், அடிக்கிறவன்னு. எந்த வீட்டுல தம்பி கை நீளாது? கோவம் வந்தா தூக்குவேன். தூக்குறதுதான், பெரும்பாலும் இறக்கினதில்ல. பேசிப் பழகின கையி, தானா மேல போயிரும். பட்டது ஒண்ணு ரெண்டு இருக்கும். அதைப் போயி ஒரு விஷயம்னு... மறுநாள் காலையில சவரம் பண்ணும்போது கண்ணாடி முன்னாடி நின்னு அதே மூணாம் படியைத் தூக்கிப் பாத்தேன். அதுல பயப்பட என்ன இருக்குன்னு பாக்கணும்ல? நல்லாத்தான் இருந்துச்சு. அழகா இருந்துச்சு.

வீட்டுல அவளை ஒண்ணும் சொல்லல. எலெக்சன் முடியட்டும்னு பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்தேன். அவளே வந்து சொல்றா, நான் வீடு வீடாப் போயிக் கேக்கட்டுமான்னு. எனக்கு ஆச்சரியம். அவளா இது? ஆனா ஒண்ணு, நீங்க தெருமுக்குலயே நின்னுக்கங்க, பொம்பளைங்க மட்டும் இருக்கிற நேரம்னா. சரின்னு நான் டீக்கடை வாசல்ல நின்னுக்கிட்டேன். அங்கேருந்து பாத்தா தெரு முழுசாத் தெரியும். பேச்சுக் கேக்காது. ஆனா எனக்குப் பேச்சு எதுக்கு? கையைப் பாத்தாப் போதும், என்ன சொல்றாங்கன்னு சொல்லிருவேன்.

நான் சொல்லிக்குடுத்த எதையும் அவ செய்யல. ஏணியைக் காட்டவே இல்ல. முதல்ல கும்பிட்டா. சும்மா மேடைக் கும்பிடு இல்ல, சாமி முன்னாடி கும்பிடுற மாதிரி, நெத்தியோட சேத்து. அப்புறம் ஒரு கையைக் கவுத்து இப்பிடி, இப்பிடி, வேணாம் வேணாம்கிற மாதிரி ஆட்டுனா. பஞ்சவர்ணத்துக்குப் போட்டுறாதீங்கன்னு சொல்றான்னு உடனே புரிஞ்சுக்கிட்டேன். அந்த வீட்டுப் பொம்பளை அவ தோளுக்கு மேல என்னை ஒரு பார்வை பாத்துச்சு. நான் இங்கேருந்து ஒரு கும்பிடு போட்டேன். அது திரும்பிக் கும்பிடல, ஆனா சந்தனமாரியைப் பாத்து நல்லாத் தலையை ஆட்டுச்சு. அடுத்த வீடு, அதே மாதிரி. அடுத்த வீடு. எல்லா வீட்டுலயும் கையைப் புடிச்சுக்கிட்டு, சில பேரு அழுதுக்கிட்டு, சத்தியம் பண்ற மாதிரி உள்ளங்கையில அடிச்சுக் குடுக்குறாங்க தம்பி! குருவம்மா இவளைத் தோள்ல சாய்ச்சுத் தட்டிக்குடுக்குறா. நான் டீக்கடைக்காரன்கிட்ட சொன்னேன், பாத்தியாடா, ஒரு தெரு மொத்தமா விழுந்துருச்சு, என்னால முடியாததை எம் பொண்டாட்டி முடிச்சுட்டான்னு. உண்மையிலேயே பெருமையா இருந்துச்சு. அன்னைக்கு அவளுக்கு நானே அல்வா வாங்கிட்டுப் போனேன்.

ஓட்டு எண்ணுன அன்னைக்கு என்ன ஆச்சுங்கிறீங்க? நூத்துக்குக் கீழ. ஒண்ணு ரெண்டு இல்ல, ஆயிரத்துச் சொச்சம் ஓட்டு இருக்கிற ஊர்ல நூத்துக்குக் கீழ! அதுவும் என் பங்காளிக, சேக்காளிக போட்டது. பொம்பளைங்க பூத்துப் பெட்டியைத் திறந்தா ஏணி பேருக்குக்கூட இல்ல. முத்திரை எல்லாம் பூட்டு மேலயே குத்திக் கிடக்கு. டெபாசிட்டு போச்சு, மானம் போச்சு. தலையை ஆட்டுன கழுதைக எல்லாம் எங்கடி போச்சுன்னு கேட்டேன். இவ அழுவான்னு பாத்தேன். அழல. ஒரு பெருமூச்சு விட்டா, இம்புட்டுத் தண்ணி குடிச்சா.

வெளியில வந்தா குருவம்மா நிக்கிறா. நேரா இவகிட்ட வந்து, முகத்தைத் தடவி, நீ கேட்டபடியே செஞ்சுட்டோம் தாயி, ஒருத்திகூடத் தப்பலங்கிறா. என் காது கேக்க! எப்பிடி இருந்திருக்கும் எனக்கு? ஏமாத்துனதும் இல்லாம நக்கல் வேற. கேட்டபடியே செஞ்சாளுகளாம். அதுக்கு இவ அவளைக் கையெடுத்துக் கும்பிடுறா. வெவரங்கெட்ட ஜென்மம், நக்கல் அடிக்கிறாங்கிறதுகூடப் புரியல.

என்ன தம்பி, ஜன்னலைப் பாக்குறீங்க? வெயில் அடிக்குதா? இங்கிட்டு வேணா மாறி உக்காருங்க. வேணாமா? சரி.

அன்னைக்கு வீட்டுல கொஞ்சம் சத்தம். தோத்தவனுக்குக் கோவம் வராதா? காலையில எந்திரிச்சுப் பாத்தா ஆளைக் காணோம். முதல் பஸ்ஸுல அண்ணன் வீட்டுக்குப் போயிட்டா. வாசப்படியில தடுக்கி விழுந்ததுல மணிக்கட்டு வீங்கிக் கிடந்துச்சு. அதை அங்க போயி வேற மாதிரிச் சொல்லியிருக்கா.

விட்டேன் கொஞ்ச நாளு. தானா வரும்னு பாத்தேன். பொங்கித் திங்க முடியல, டீக்கடையில போயி நிக்க முடியல, ஊருப் பொம்பளை ஒருத்தி என் முகத்தைப் பாக்க மாட்டேங்கிறா. தண்ணிக்குழாய்ப் பக்கம் போனா பேச்சை நிறுத்திடுறாளுக. வீடு அத்துவானமாக் கிடக்கு. அழுதேன் தம்பி, பொய் சொல்லல. முப்பது வருஷம் எத்தனை ஆயிரம் பேருகிட்டப் பேசினவன், ஒரு நாளு முழுக்க யாருகிட்டயும் ஒரு சொல்லு பேசாம இருந்தேன்னா பாத்துக்கங்க.

அதான் இன்னைக்குக் காலையில கிளம்பிட்டேன். அவ அண்ணன் அழகுராஜு சிமெண்டுக் கடை வச்சிருக்கான். அவனும், அவங்க சொந்தத்துல ரெண்டு பெரிய மனுசங்களும் ஹால்ல உக்காந்திருந்தாக. நானும் போயி உக்காந்தேன். இவ அடுப்படிக் கதவுகிட்ட நின்னா. பேசுங்க மாப்பிள்ளைன்னாக.

பேசினேன். தம்பி, பெருமைக்குச் சொல்றேன்னு நினைக்காதீங்க, என் ஆயுசுல அதுதான் நல்ல பேச்சு. மைக் இல்ல, கைதட்டு இல்ல. ரெண்டு உள்ளங்கையையும் மேல பாக்க விரிச்சேன். இதுக்கு மேல நான் எங்க போவேன்னு கேட்டேன். அப்புறம் ஒரு கையை நெஞ்சுல வச்சேன். இனி ஒரு குறை வராதுன்னேன். கையை வேகமா ஆட்டவே இல்ல. எல்லாம் மெல்ல, எல்லாம் இடுப்புக்கு மேல, தோளுக்குக் கீழ. வீட்டுக்குள்ள பேசுறதுக்கு அதுதான் அளவு. ஒரு பெரிய மனுசன் துண்டை எடுத்துக் கண்ணைத் தொடைக்கிறாரு! அழகுராஜு குனிஞ்ச தலை நிமிரல. நடுவுல நிறுத்தச் சொல்ல யாரும் இல்ல. கடைசி வரைக்கும் பேசி முடிச்சேன்.

அப்புறம் அவளைக் கேட்டாக, நீ என்னம்மா சொல்றேன்னு. கேக்கத்தானே வேணும், நியாயம்னு ஒண்ணு இருக்குல்ல? அவளுக்குப் பேச வரல. கையை எங்க வைக்கிறதுன்னே தெரியல. முந்தானையைப் புடிச்சுத் திருகிக்கிட்டு, தரையைப் பாத்துக்கிட்டு, நான் போகலண்ணேன்னா. என்னை அனுப்பாதீங்கண்ணே, உங்க கடையில மூட்டைக் கணக்குப் பாத்துக்கிட்டு ஒரு மூலையில கிடந்துக்கிறேன்னா. அம்புட்டுத்தான் பேச்சு. அப்புறம் மணிக்கட்டை நீட்டிக் காட்டுனா. அப்பிடிச் சொன்னா எவன் தம்பி கேப்பான்? சொல்ற சொல்லுக்கு ஒரு ஏத்தம் வேணும், இறக்கம் வேணும். எதிராளி கண்ணைப் பாக்கணும். ஒண்ணும் இல்ல அவகிட்ட.

அழகுராஜு அந்தக் கையைப் பாக்கவே இல்ல. மாப்பிள்ளை இவ்வளவு இறங்கி வந்து பேசுறாரு தங்கச்சி, எனக்கும் கல்யாணத்துக்கு ஒரு பொண்ணு இருக்கு, வாழாம வந்த அத்தை வீட்டுல இருக்கான்னா வர்றவன் என்ன கேப்பான்னு நீயே யோசிச்சுக்கோன்னான். அவன் பொண்டாட்டி உள்ள போச்சு. துணியெல்லாம் மடிச்சு வச்ச பையைக் கொண்டுவந்து இவ காலுக்குப் பக்கத்துல வச்சுச்சு. காப்பி சாப்பிட்டுப் போங்கண்ணேன்னு என்கிட்டச் சொல்லுச்சு. மரியாதையான குடும்பம்.

இவ அந்தப் பையையே பாத்துக்கிட்டு நின்னா. அப்புறம் எடுத்துக்கிட்டா.

ஆக ஒரு தெருவுப் பொம்பளைககிட்டத் தோத்தேன், ஒரு ஹால்ல ஜெயிச்சுட்டேன். போதும் எனக்கு. இனி மேடையும் வேணாம், எலெக்சனும் வேணாம். அந்தக் குருவம்மா கூடச் சேரக்கூடாதுன்னு சொல்லிட்டேன், கதவைப் பூட்டிக்கிட்டு வீட்டுல இருக்கட்டும். நானும் வீட்டுலதான் இருக்கப்போறேன். இனி எனக்கு அவ, அவளுக்கு நான். பேசணும்னு தோணுனா அவகிட்டப் பேசிக்க வேண்டியதுதான். வேற யாருகிட்டப் பேசுறது?

விலக்கு வந்துருச்சு போல. அந்தப் புளியமரந்தான். கண்டக்டரே, ஆலடிப்பட்டி விலக்கு ரெண்டு இறக்கம்! பையைக் கொஞ்சம் தள்ளிக்கிறீங்களா தம்பி?

இங்க பாருங்க, ஒண்ணு காட்டுறேன். அவளைக் கூப்பிடணும்ல? முன்னயெல்லாம்னா பஸ்ஸே திரும்பிப் பாக்குற மாதிரிக் கத்துனாலும் அசைய மாட்டா. டிரைவர் தலைக்கு மேல கண்ணாடி இருக்கு பாருங்க, அதுல அவ கண்ணு தெரியுதா? ஏறுனதுலேருந்து என்னையேதான் பாத்துக்கிட்டு வர்றா. நான் வாயைத் திறக்க மாட்டேன். கையைக்கூடத் தூக்க மாட்டேன். மடியில இருக்கிற இந்த ஒத்தை விரலை மட்டும் லேசா, இந்தா, இப்பிடி.

பாத்தீங்களா? எந்திரிச்சுட்டா.